பின்சுவர் நரி

மார்ச் 5

அன்பு மகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் தன் குறையைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

நம் நாய் சோம்பேறி இறந்துபோய்விட்டான். நீ கிளம்பியபின் சாப்பாட்டைத் தொடவில்லை. உன்னைத் தேடுகிறான் என்றிருந்துவிட்டேன். கால்நடை மருத்துவர் அவன் காதிலிருந்து ஓர் உண்ணியை எடுத்துக் குப்பியில் போட்டார். “இது கொடுத்த காய்ச்சல்தான் சார். லேட்டா கூட்டிட்டு வந்துட்டீங்க” என்றார்.

தெருவே நரியைக் குற்றம் சொல்கிறது. பின்சுவருக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறதே, அதை. எதிர்வீட்டுக்காரர் புகார் எழுதிவிட்டார், கூண்டு வரப்போகிறது. வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் முதலில் கடைசி பெஞ்சுக்காரனைத்தான் எழுப்பி நிறுத்துவோம். நரிக்கும் அதே கதி. நீ உண்ணிகளைப் பற்றியே படித்தவள். நரிதானா? நீ சொன்னால் நான் போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆய்வு நிலையத்தில் எலிக்கூண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன். சோம்பேறி என் பைமேல் படுத்துத் தூங்கியதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

நரிமேல் உண்ணி இருக்கும். எலிமேலும் இருக்கும். நரியாகவும் இருக்கலாம், அப்பா. இங்கே வேலை அதிகம்.

உங்கள் மகள்

மார்ச் 29

அப்பா,

போன கடிதத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுதினேன். நீங்கள் அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருப்பீர்கள்.

உண்ணி தேடிப் புதருக்குள் போகும்போது போட்ட உடுப்பைக் கொதிநீரில் முக்காமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. அது எங்கள் நிலையத்து விதி. நான் ஊருக்கு வந்த அன்று பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அப்படியே பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்தேன்.

மருத்துவரிடம் கேட்டு அந்தக் குப்பியை வரவழைத்துப் பார்த்தேன். நாங்கள் இங்கே மலை எலிகளின் காதில் எடுக்கிற அதே உண்ணி. நம் பக்கத்தில் அது கிடையாது. கண்ணாடியை உடைத்தது முதல் பெஞ்சுக்காரி, அப்பா. நரியை விடச் சொல்லுங்கள்.

மகள்

ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையே கூண்டு வைத்தவர்கள் நரியைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்” என்றார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “அப்போ குட்டிங்க?” என்று கேட்டார்.

இன்னொன்று. நீ வந்த அன்று உன் பை வாரில் கடுகளவு ஒன்று ஊர்ந்தது. பார்த்தேன். உண்ணி பிடிக்க வெள்ளைத் துணியால் புதரைத் துடைக்கவா இவ்வளவு படிப்பு என்று முன்பொருமுறை கேலி செய்தேன், இரண்டு வருஷம் நீ வீட்டுப்பக்கம் வரவில்லை. வந்ததும் வராததுமாக உன் பையைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஒரு தாளால் தட்டி வெளியே போட்டேன். ஒன்றுதான் என்று நினைத்தேன். நரிதானா என்று உன்னைக் கேட்டதுகூட, ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாயா என்ற நப்பாசையில்தான்.

குட்டிகள் இருக்கின்றன. தொடவில்லை. உண்ணி ஏறினால் தெரியட்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எட்ட நின்று தீனி வைக்கிறேன். இறைச்சித் துண்டுகளை எதிர்வீட்டுக்காரர் கொண்டுவருகிறார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

அடுத்தமுறை பையை வாசலிலேயே இறக்கிவிடு. கொதிநீர் நான் வைக்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பா