திரைச்சீலை ஓட்டை எலி கடித்ததல்ல

ஏங்க,

தொலைநோக்கிக் கண்ணாடியைக் கழுவி, “துணி பட்டா கீறிடும், தானா காயட்டும்” என்று நீங்கள் அலமாரியில் சாய்த்து வைத்தது ஜன்னலுக்கு நேர் எதிரே. நேற்று திரைச்சீலையில் மிளகளவு ஓட்டையைக் காட்டினேன். “எலி கடிச்சிருக்கும். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்” என்றீர்கள். எலி கடித்தால் ஓரம் கருகுமா? இன்று காலை வெயில் அந்தக் குழிந்த கண்ணாடியில் பட்டு ஒரே புள்ளியாய்க் குவிந்ததும் புகை நாற்றம். அதே மாதிரி ஓட்டை, பாப்பாவின் தொட்டில் துணியில். அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்குப் போகிறோம். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. ஜன்னலில் கட்டியிருக்கும் கம்பளியை அவிழ்க்காதீர்கள். உங்கள் மூத்த தாரத்தை, அந்தக் கண்ணாடியைத்தான், தொலைநோக்கிக் குழாய்க்குள் வைத்து மூடிவிட்டுக் கூப்பிடுங்கள்.

பி.கு.: இதற்கும் எலி என்று சொல்லிவிடாதீர்கள். பாப்பாவின் நெற்றி முடி ஒரு கொத்து கருகியிருக்கிறது.