நாலு சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது என் கார். அதில் மீட்டர் விளக்கு எரியவில்லை. ஒரு பல்பு மாற்றத்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். கை போனது, திரும்பவில்லை. இழுத்த இழுப்பில் ஒயர்களும் கூடவே வந்துவிட்டன. இப்போது வண்டி ஸ்டார்ட்டும் ஆகவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

மனைவி வந்து பார்த்தாள். “ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா, என் தம்பிய விட்டு இழுத்துட்டுப் போய் வித்துடுவேன். சரியா?”

சரி என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 5
டேஷ்போர்டையே கழற்றிவிட்டேன். தலை பெடலுக்கு மேல், கால்கள் சீட்டின் முதுகில், நடுவே தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் சண்டை. பழைய ஒயர்கள், எல்லாம் வெளுத்து ஒரே நிறம். எது எங்கே போகும் என்று எப்படி நினைவு வைப்பது?

மனைவியின் நெயில் பாலிஷ்! ஒயர் முனையில் ஒரு பொட்டு, அது மாட்டவேண்டிய இடத்தில் அதே நிறத்தில் ஒரு பொட்டு. நான் மேதை.

மார்ச் 7
மேதையாவது மண்ணாவது. பாட்டில்களில் நாலு சிவப்பு. காய்ந்த பிறகு நாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடுகிறது. ஐயோ, வித்துடுவாளே! நெஜமாவே வித்துடுவா. அழுகையா வருது.

மார்ச் 8
பாட்டில்களைத் தேடிக்கொண்டு நேரே காருக்கே வந்துவிட்டாள். “தள்ளுங்க.” உள்ளே தலையை விட்டாள். வசவுக்குத் தயாராக நின்றேன்.

“ஏங்க, இது மாதுளை. இது செங்கல். இது மிளகாய், அது தக்காளி. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் ‘இந்தக் கலர் உனக்கு நல்லாருக்கு’ன்னு சொன்னீங்க?”

“இது எங்க போகும்?” என்று அவசரமாக ஒரு ஒயரை நீட்டினேன்.

முதலில் அவள் நிறம் சொல்ல, நான் மாட்டினேன். பிறகு என்னை வெளியே தள்ளிவிட்டு அவளே மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது, மீட்டர் விளக்கு எரிந்தது. கைதட்டிக் குதித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
மச்சினன் கயிற்றோடு வந்தான். அக்கா அவனை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தாள். “அப்ப விக்கலையாக்கா?” என்றான். “பிச்சுடுவேன்” என்றாள்.

மார்ச் 10, திங்கள்
அலுவலகத்துக்கு பஸ்ஸில் போனேன், நின்றுகொண்டே. சிக்னலைத் தாண்டியதும் மனைவி என் காரில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனாள். ஹாரன் வேறு அடித்தாள்.