கனவுக்கு வராத மச்சானுக்கு

எங்க வீட்டு மூத்த மாப்பிள்ளை, என் ஆசை மச்சானுக்கு,

நாலு பேரு படிக்கிற எடத்துல இதச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லிடுறேன். கொஞ்ச நாளா எனக்கு ஒரு ஜாக்கெட்டும் பத்தல. போன வாரம் ஏலக்காய் தரம் பிரிக்கிற எடத்துல குனிஞ்சு மூட்டைய இழுத்தேன், கொக்கி ரெண்டும் தெறிச்சு ஏலக்காய்க்குள்ள விழுந்துருச்சு. அத்தன பொம்பளைகளும் கையில இருந்த சோலியப் போட்டுட்டு என் கொக்கியத் தேடினாளுக. இதுக்குக் காரணம் நீங்கதான். உங்க பேரச் சொல்லி நான் தின்ன கருப்பட்டிப் பணியாரம்.

செத்துப் போன மனுசன் பேரச் சொல்லி எப்படிப் பணியாரம் தின்னேன்னு கேப்பீங்க. அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. சிரிச்சுக்கிட்டே ஆரம்பிக்கிறேன். முடிக்கிற வரைக்கும் சிரிப்பேனான்னு தெரியல.

உங்களுக்கு நெஞ்சுல அடைப்பு இருக்கு, குழாய் வைக்கணும்னு தேனியில டாக்டர் சொன்னப்ப நம்ம கையில வழி இல்ல. மலை மெட்டுக்கு மேல இருக்குற ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தக் காட்டி, வருமானம் கூடுதல்னு பழைய காப்பீட்டுல உங்களச் சேக்கல. காய் வெல விழுந்து கெடந்த வருசத்துலயும் அது தோட்டந்தான, காகிதத்துல. அப்புறம் டிவியில சொன்னாங்க, எழுபது தாண்டின எல்லாருக்கும் இலவச வைத்தியத்துக்குப் புது அட்டை வருது, சொத்து சொகம் பாக்க மாட்டாங்கன்னு. நீங்க துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு ரேசன் கடைக்கு நடந்தீங்க. "எப்ப இருந்து?"ன்னு கேட்டீங்க. "அறிவிச்சிருக்காங்க பெருசு, இன்னும் அமலுக்கு வரல"ன்னாங்க. அடுத்த வாரமும் போனீங்க. அதே பதிலு.

நான் அதையும் கேலி பண்ணினேன். "என்ன மச்சான், பொண்ணு பாக்கப் போறாப்ல வாரா வாரம் சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்புறீங்க?"ன்னேன். "ஆமா கொழுந்தியா, உன்னக் கட்டிக்கிறதுக்கு அந்த அட்டையவே கட்டிக்கலாம்"ன்னீங்க. வாய்க்கு வாய் குடுக்குறதுல நீங்க கெட்டிக்காரரு. மலையாளத்துல மட்டுந்தான் சறுக்குவீங்க. பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளையப் பாத்து, அண்ணனக் கூப்புடுறாப்ல "சேட்டா, சுகமா?"ன்னு கேட்டு அவ வெளக்குமாத்த எடுத்தது மெட்டுக்கே தெரியும்.

எங்க வீட்டுக்காரரு ஓட்டின ஜீப்புலதான் கடைசியா மலையில இருந்து எறங்கினீங்க. பாதி வளைவு தாண்டினதும் அவரு தோள்ல சாஞ்சீங்க. தூங்குறீங்கன்னு நெனச்சு, குலுங்காம ஓட்டணும்னு மெதுவா ஓட்டிட்டு வந்திருக்காரு. மெதுவா ஓட்டினத நெனச்சு நெனச்சு அவரு இன்னும் கரையிறாரு, மச்சான்.

உங்க காரியம் முடிஞ்சு, பந்தல் பிரிச்ச குழி கூட மூடல. ரேசன் கடைச் செவத்துல நோட்டீசு ஒட்டிட்டாங்க. அட்டை அமலுக்கு வந்துருச்சு. இன்னிக்குப் பதிஞ்சா இன்னிக்கே செல்லும், காத்திருக்க வேண்டியதில்லன்னு பதிவு போட வந்த பொண்ணு மைக்குல சொல்லுச்சு. காத்திருக்க வேண்டியதில்லயாம். கேட்டீங்களா?

அக்காவுக்கு எழுபத்தொண்ணு. தெருக்கொழாயில இருந்து ஒரு கொடம் தூக்கிட்டு வந்தா வாசல்ல உக்காந்துரும், மூச்சு முட்டும். கூட்டிட்டுப் போயி காட்டினா உங்களுக்கு வந்த அதே அடைப்பு. அட்டையில பதியலாம் வாக்கான்னு கூப்புட்டேன். "என் புருசனுக்கு இல்லாத அட்டை எனக்கு எதுக்குடி?"ன்னு கேட்டுட்டு, உள்ள போயிக் கதவச் சாத்திக்கிருச்சு.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், எங்க வீட்டுக்காரர விட்டுப் பேசச் சொன்னேன். ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் காலையில போயி, மொகத்தக் கழுவாம அப்படியே நின்னு ஒரு பொய்யச் சொன்னேன்.

"அக்கா, மச்சான் கனவுல வந்தாரு."

அது கையில இருந்த செம்பக் கீழ வச்சுச்சு. "யாரு கனவுல?"

"என் கனவுலதான். வெள்ள வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நின்னாரு. அவளப் போயி அட்டையில பதியச் சொல்லு கொழுந்தியான்னாரு."

நீங்க என்ன பேசினீங்க, எங்க நின்னீங்கன்னு கேக்கும்னு பாத்தேன். அக்கா கேட்டது வேற. "மூச்சு வாங்குச்சாடி அவருக்கு?"

"இல்லக்கா. மெட்டு வரைக்கும் ஓடிட்டு வருவாரு போல. ஒரு மூச்சு வாங்கல."

அழுதுச்சு. அழுது முடிச்சு, சேலைய மாத்திட்டு, எங்கூட வந்து பதிஞ்சுச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். வழியில ரெண்டு வடை வேற வாங்கித் தின்னேன்.

ஆனா ஒரு பொய்யோட நிக்கலையே. சோதனைக்கு ரத்தம் குடுக்கணும்னாலும் நீங்க வந்து சொல்லணும். படம் எடுக்கணும்னாலும் நீங்க வரணும். தெனமும் காலையில அக்கா எங்க வாசல்ல வந்து நிக்கும், "நேத்து வந்தாரா?"ன்னு. நீங்க சாப்புட்டீங்களா, என்ன நெறத்துல சட்டை, தலைக்கு எண்ணெ வச்சிருந்தீங்களான்னு எல்லாம் கேக்கும். ஒரு நாளு, "என்னப் பத்தி என்ன கேட்டாரு?"ன்னுச்சு. "அவ சாப்புட்டாளான்னு கேட்டாரு"ன்னேன். "உயிரோட இருக்குறப்ப ஒரு நாளு கேட்டதில்ல, போயித்தான் புத்தி வந்துருக்கு"ன்னு சொல்லிட்டு முந்தானையால கண்ணத் தொடச்சுச்சு.

அப்புறம் ஆரம்பிச்சதுதான் பணியாரம். "அவருக்குப் புடிச்சது. நீ தின்னுட்டுப் படு, அந்த வாசத்துக்கு வருவாரு"ன்னு தூக்குச்சட்டி நெறையக் குடுத்துவிடும். வேணாம்னு சொன்னா மாட்டிக்குவேன். தின்னேன். எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு. "ஏ பேச்சி, உன் மச்சான் வந்தா என்னையும் எழுப்பி விடு, எனக்கும் அவருகிட்டப் பேசணும்"னாரு. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு. ஆனா அன்னிக்கு ஜீப்புல அந்தப் பக்கத்து சீட்ட ரொம்ப நேரம் தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

திங்கக்கிழமை வந்து சேருங்க, கட்டில் இருக்குன்னு ஆசுபத்திரியில இருந்து போன் வந்துச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். முருங்கக்கீரை உருவிக்கிட்டு இருந்துச்சு. தலைய நிமிராமச் சொல்லுச்சு, "நான் வரல."

"என்னக்கா இது? மச்சான்தான் அத்தன தடவ சொல்லிட்டாரே."

"உங்கிட்டச் சொன்னாரு. எங்கிட்டச் சொல்லல." உருவின காம்பத் தூரப் போட்டுச்சு. "ஏன்டி, காலம் பூரா சோறாக்கிப் போட்டவ நான். என் புருசன் எங்கிட்ட வராம உன் கனவுல எதுக்குடி வர்றாரு? உன் வீட்டுக்கு வழி தெரியுது, அவரு கட்டின வீட்டுக்கு வழி தெரியலையா?"

அத ஒரு கேலியா மாத்திரலாம்னு வாயத் தொறந்தேன். மச்சானுக்கு எப்பவுமே எம்மேல ஒரு கண்ணுக்கான்னு சொல்லலாம்னு இருந்தேன். நல்லவேளை, அது முந்திக்கிச்சு.

"எனக்குத் தெரியும். எம்மேல கோவம். நான்தான சொன்னேன், அட்டை வரட்டும், வந்ததும் போவோம்னு. தோட்டத்த வித்தாவது வைங்க கொழாயன்னு ஒரு வார்த்த நான் சொல்லல. அந்தக் கோவந்தான். எங்கிட்ட வந்து அவரு வாயால சொல்லட்டும், அப்ப வர்றேன்."

மச்சான், தலையில யாரோ தண்ணி ஊத்தின மாதிரி இருந்துச்சு. அது உசுரக் காப்பாத்தணும்னு நான் உங்கள என் கனவுக்குக் கூட்டிட்டு வந்தேன். அது என்னடான்னா, நீங்க அதோட கனவுக்கு வராதத கணக்கு வச்சுக்கிட்டு, தெனம் தெனம் தன்னத்தானே அடிச்சுக்கிட்டு இருந்துருக்கு. நான் பணியாரம் தின்னுக்கிட்டு இருந்தேன்.

வேற வழி இல்ல. சொல்லிட்டேன். "அக்கா, மச்சான் வரல. நான் புளுகினேன்."

"எப்ப?"

"எப்பவுமே. ஒரு நாளும் வரல."

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவ கூட வரல."

"அந்த வெள்ள வேட்டி?"

"நான் கட்டிவிட்டது."

கீரை உருவுறத நிறுத்திருச்சு. "மூச்சு வாங்கலன்னியேடி?"

அதுக்கு மட்டும் எனக்கு வாய் வரல. அக்காவும் அத மறுபடி கேக்கல. மடியில இருந்த கீரையப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "அப்ப உங்கிட்டயும் வரல."

"வரலக்கா."

"எங்கிட்டயும் வரல. யாருகிட்டயும் வரல."

"ஆமாக்கா."

"அப்ப எம்மேல மட்டும் கோவம்னு இல்ல."

ரெண்டு மூணு தடவ அதையே சொல்லிப் பாத்துச்சு. அப்புறம் மடியில இருந்த கீரைக்காம்ப அள்ளி எம்மேல எறிஞ்சுச்சு. "அத்தன பணியாரத்தையும் தின்னியேடி, எருமமாடு!" அடிச்சுச்சா சிரிச்சுச்சான்னு எனக்கே தெரியல. எந்திரிச்சுப் போயி மஞ்சப்பையில ரெண்டு சேலைய எடுத்து வச்சுச்சு.

ஆசுபத்திரியில அக்காகிட்ட ரேகை பாக்க ஒரு விரலக் கேட்டாங்க, மச்சான். ஒரு பொட்டியில வச்சு எடுத்துச்சு. "சரிம்மா, உள்ள போங்க"ன்னாங்க. அவ்வளவுதான். காசு கேக்கல, தோட்டத்தக் கேக்கல. நீங்க சட்டைய மாட்டிக்கிட்டு வாரா வாரம் கேக்கப் போனது இதத்தான். எனக்குச் சந்தோசம் வரணும். கூச்சமா இருந்துச்சு. பந்தியில உங்கள எழுப்பி விட்டுட்டு அதே எலையில நாங்க உக்காந்தாப்ல இருந்துச்சு. அக்காவும் அத நெனச்சுருக்கும் போல. விரலச் சேலையில தொடச்சுக்கிட்டே என் மொகத்தப் பாக்கல.

குழாய் வச்சாச்சு. நெஞ்ச அறுக்காம, கை நரம்பு வழியாவே விட்டு வச்சுட்டாங்க. ரெண்டே நாள்ல மாடிப்படி ஏறி எறங்கிச்சு, நின்னு மூச்சு வாங்கல. வாங்கலன்னதும் திரும்பி என்னப் பாத்துச்சு. அது என்ன நெனச்சதுன்னு எனக்குத் தெரியும், நான் என்ன நெனச்சேன்னு அதுக்கும் தெரியும்.

அது கையில நான் குடுத்த ஒரே ஆறுதல், மூச்சு வாங்கலங்கிற அந்த ஒரு வார்த்தைதான். அதையும் நானே புடுங்கிட்டேன். புடுங்கினதாலதான் பொழச்சிருக்கு. இது சரியா தப்பா? உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேலி இல்ல. இப்ப உங்களுக்கு மூச்சு வாங்குதா, மச்சான்?

இனிமே உங்க வாய நான் எடுத்துக்க மாட்டேன். சத்தியம். நீங்க வர்றதா இருந்தா என்னத் தாண்டி நேரா அக்காகிட்டயே போங்க, எனக்குக் கோவம் வராது. வரலன்னாலும் சரி. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மாத்திர குடுத்துருக்காங்க, ஒரு வேளை தப்பாம அத முழுங்க வைக்கிறது என் சோலி. உங்க பேரச் சொல்லாம, என் பேரச் சொல்லியே முழுங்க வைப்பேன்.

இன்னொண்ணு. குழாய் வைக்க உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அக்காவுக்கு ஊசி போட்டாங்க. நான் தைரியம் சொல்லக் கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஊசியப் பாத்ததும் மயக்கம் போட்டு விழுந்துட்டேன். கட்டில் கம்பி இடிச்சதுல நெத்தியில மூணு தையல். அக்காவுக்கு ஒரு தையலும் இல்ல. என் அட்டையக் கேட்டாங்க. எனக்கு அது செல்லுபடியாக இன்னும் பதினெட்டு வருசம் ஆகுமாம்.

இப்படிக்கு,
உங்க கல்யாணத்தன்னிக்கு உங்க பட்டுவேட்டிய நனைச்ச கைக்கொழந்த,
உங்க ஒரே கொழுந்தியா பேச்சி