நாலாவது வால்வு

செப். 9, செவ்வாய்
காலையில் தூறல், பிறகு புழுக்கம். ஆறு மணிக்கு அக்கா வீட்டு மோட்டார் சத்தம், தொட்டி நிரம்பி வழிந்தது. (இவருடைய அண்ணன் மனைவி. பேச்சு நின்று ஒரு மாதம் ஆகியும் கை அக்கா என்றுதான் எழுதுகிறது.)

இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு நிமிர்கிறேன், குளியலறைக் குழாய் மூட்டோடு பிய்த்துக்கொண்டது. கூடம் வரை வெள்ளம். விதைநெல் மூட்டை ஒன்று நனைந்தது. இவர் வயலில், செல்லை எடுக்கவில்லை. மொட்டைமாடிக்கு ஓடினேன். தொட்டிக்கு அடியில் நாலு வால்வு, நாலுக்கும் ஒரே சிவப்புக் கைப்பிடி. எது எதற்கு என்று யார் கண்டது? நாலையும் திருகி மூடினேன்.

மதியம் பிளம்பர் வந்து சரி செய்தார். மறுபடி திறந்தேன். ஒன்று மட்டும் இறுகிக்கொண்டு வரவே இல்லை. எல்லாக் குழாயிலும்தான் தண்ணீர் வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து மகள் போனில் சிரிக்கிறாள். "ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி வைம்மா. அடுத்த தடவயும் இப்படித்தான் ஓடுவியா?"

செப். 11, வியாழன்
நல்ல வெயில். மோட்டார் ஓடியது, தொட்டி நிறைந்தது. நெல் காயவைத்தேன், பாதி முளைவிட்டிருக்கிறது.

காகிதத்தில் உத்தேசமாகப் பேர் எழுதி வால்வுகளில் ஒட்டினேன். தொட்டி வழிந்து எல்லாம் ஊறி உதிர்ந்தது. படித்த பெண்மணி!

அக்கா தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து போகிறாள். முழங்கால் வலிக்காரி, இரண்டடிக்கு ஒரு முறை நிற்கிறாள். அவள் மகள் கவிதா பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பச்சைக் குழந்தை வீடு, துணியாகத்தானே சேரும். அவர்கள் பக்கம் ஏதோ குழாய் பழுது போல.

இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சொமக்கட்டும். அப்பத்தான் தண்ணியோட அருமை தெரியும்."

எனக்கும் உள்ளுக்குள் இனித்தது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

போன மாதம் எங்கள் முறையன்று வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பெரியவர்தான், அக்கா வீட்டுக்காரர்தான், மடையை அடைத்தார் என்கிறார் இவர். அவர் இல்லவே இல்லை என்கிறார். ஞாயிறு ஊர்ப் பொதுவில் பேச்சு. அண்ணன் ஒரு கட்சி, தம்பி இன்னொரு கட்சி, ஆகவே இரண்டு கட்சிக்காரர்களும் வருகிறார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? ரேஷன் வரிசையில் நின்று சத்தமாகச் சொன்னேன், "அடுத்தவங்க தண்ணிய அடைக்கிறவங்கள்லாம் மனுசங்களா?" நாலு பேர் தலையாட்டினார்கள். பெருமையாக இருந்தது.

செப். 12, வெள்ளி
வாங்க: கட்டுக்கம்பி, தே. எண்ணெய், சாம்பிராணி.

பெயின்ட் டப்பா மூடியைத் துண்டு துண்டாக வெட்டி, மகள் விட்டுப்போன நகப்பாலிஷால் எழுதினேன். தண்ணீர் பட்டாலும் போகாது. ஒவ்வொரு வால்வாக மூடி, கீழே ஓடி, எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்து எழுதியது. சமையலறை. குளியலறை. கொல்லை.

நாலாவது, அந்த இறுகினது. ஈரத்துணி சுற்றி ஒரே திருகு. திறந்தது. கீழே போய்ப் பார்த்தால் எங்கள் குழாய் எதிலும் மாற்றமில்லை. மறுபடி மேலே ஏறுகிறேன், குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் காலி வாளியில் தடதடவென்று தண்ணீர் விழும் சத்தம்.

கவிதா கத்துகிறாள், "அம்மா, தண்ணி வருது! வந்துடுச்சும்மா!"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாகம் பிரித்தபோது போர், மோட்டார் அவர்கள் பக்கம், தொட்டி எங்கள் பக்கம், இரண்டும் பொது. மோட்டார்க் குழாய் நேரே தொட்டிக்கு ஏறுகிறது. அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கள் மாடியிலிருந்துதான் இறங்க வேண்டும். எனக்குத் தெரியாததா? குடம் சுமந்ததைப் பார்த்தபோதுகூடத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை.

இவரிடம் சொன்னேன். "தண்ணிதான் வந்துடுச்சுல்ல, வாய மூடிக்கிட்டு இரு. ஞாயித்துக்கிழமை இது தெரிஞ்சா நம்ம பேச்சு எடுபடுமா?"

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

செப். 13, சனி
மேகமூட்டம். இவர் டீக்கடைக்குப் போனதும் கொல்லை வழியாக அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தைத் துணி கொடி நிறைய. அக்கா என்னைப் பார்த்தும் துணி உலர்த்துவதை நிறுத்தவில்லை.

"அக்கா, வால்வ மூடினது நான்தான். குழாய் ஒடைஞ்ச அன்னிக்கு. எதுன்னு தெரியாம மூடிட்டேன், நேத்துதான் தெரிஞ்சுது."

"வேணும்னே அடைச்சீங்கன்னு நெனச்சோம். அவரு மாடியேறப் போனாரு, நாந்தான் வேணாம்னு புடிச்சு நிறுத்தினேன்."

"அப்புறம் ஏங்க்கா தெனம் மோட்டார் போட்டீங்க? எங்களுக்குத்தானே ஏறுச்சு?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நிறுத்துனா உன் வீட்லயும் தண்ணி நின்னுடும்ல, வசந்தா?"

அவ்வளவுதான். குழந்தை அழுதது, உள்ளே போய்விட்டாள்.

வந்து நாலாவது துண்டில் எழுதினேன்: அக்கா வீடு. மூடாதே. கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். பாலிஷ் தீர்ந்துவிட்டது.

பிறகு ரேஷன் கடை. அதே வரிசை, ஏறக்குறைய அதே முகங்கள். "அன்னிக்குத் தண்ணிய அடைக்கிறவங்களப் பத்திப் பேசினேன்ல. அடைச்சது நான்தான்."

"எந்த மடையிலடி?" என்றாள் முன்னால் நின்றவள்.

"மடையில இல்ல. வீட்ல. கைக்கொழந்த இருக்கிற வீட்டுக்கு, நாலு நாளு."

இந்தத் தடவை யாரும் தலையாட்டவில்லை. என் முறை வந்தபோது சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. இவர் திட்டவில்லை. மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். நாளைப் பேச்சுக்கு என்று தேய்த்து ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, மடித்து, பீரோவில் வைக்கிறார்.