கொசுவின் கை

மார்ச் 3, திங்கள்

இன்றும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடை. மகள் என்னையே பார்த்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

மாத்திரை தொடங்கியபின் காரணமில்லாத அந்த அழுகை குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் உட்கார்ந்தால் தொடைக்குள் ஏதோ ஓடுகிறது. எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. கையும் லேசாக நடுங்குகிறது. போன வாரம் மனநல டாக்டரிடம் "படபடப்பா இருக்கு" என்றேன். மருந்தை ஏற்றிக் கொடுத்தார். அதன்பின் கால் இன்னும் மோசம்.

மார்ச் 6, வியாழன்

இன்று தையல்கார அக்கா வந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நாளில் முதலில் எங்கள் லேபில் என்னிடம் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் மேல்மாடிக்குப் போவார். மருந்து ஏறி ஏறி நரம்பெல்லாம் கயிறாகிவிட்டது. இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் ஒன்றே ஒன்று மிச்சம். அது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு மட்டும் தெரியும். என் விரலுக்கு.

வலிக்காமல் எடுப்பவன் என்று என்னைக் 'கொசு' ஆக்கியதே அவர்தான். லேப் முழுக்க அந்தப் பெயர்தான் இப்போது.

இன்று இரண்டு குத்து.

"என்ன தம்பி, கொசுவுக்கு வயசாயிடுச்சா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். காற்றில் ஆடும் ரசீது மாதிரி இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். என் நாற்காலியிலிருந்து சோதனைக்குப் போகும் ரத்தக் குப்பிக் குழாய்கள் கெட்டுப்போய் வருகின்றனவாம். சிவப்பணு உடைந்து, தெளிவாக இருக்கவேண்டிய நீர் ரோஸ் நிறத்தில் நிற்கிறது. குழாயைக் குலுக்கினால் அப்படித்தான் ஆகும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

நான் குலுக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். மீதியைக் கை பார்த்துக்கொண்டது.

ஒரு சின்னக் குழந்தையைத் திரும்ப வரவழைத்து இன்னொரு தடவை குத்தினார்கள். அது வீறிட்ட சத்தம் வீடு வரை கூடவே வந்தது.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார், தூக்கம் சரியில்ல."

நன்றாகத்தான் புளுகுகிறேன்.

மார்ச் 24, திங்கள்

ஒரு யோசனை. மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுப்பதென்றால், அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்புதான் எடுப்போம். அப்போதுதான் உடம்பில் மருந்து மிகக் குறைவு. அப்படியானால் அக்கா வரும் வியாழனுக்கு முன்னால் நானும் மாத்திரையை நிறுத்தி வைத்தால் என்ன? கை அன்றைக்கு என் கையாக இருக்கும். வெள்ளியிலிருந்து பழையபடி போட்டுக்கொள்ளலாம்.

மனைவியிடம் சொல்லவில்லை. லேப் கணக்கு அவளுக்குப் புரியாது என்று சாக்கு. புரிந்துவிடும் என்பதுதான் பயம்.

மார்ச் 26, புதன்

மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள். தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் சுண்டுகிறது.

மார்ச் 27, வியாழன்

முடியல.

ரப்பர் பட்டையைக் கட்டினேன். விரல் வைத்தேன். நரம்பு இருந்தது — சத்தியமா இருந்தது. ஊசியைக் கொண்டுபோகும்போது கை குதித்தது. மறுபடியும். மறுபடியும். மணிக்கட்டு நீலமாக வீங்கிவிட்டது. அந்த ஒரு நரம்பும் போச்சு.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் தம்பி. விட்டுடுங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதார். இத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் பாதத்தில் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

எனக்கு என்ன கேடு? ரோகம் பிடிச்சவ சிரிச்சுக்கிட்டு வர்றா. எனக்கு என்ன கேடு?

மார்ச் 28, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. இருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மனைவியிடமும் சொல்லிவிட்டேன், மாத்திரை விஷயத்தோடு. அவள் கத்தவில்லை. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்க நான் நடந்த இடமெல்லாம் கூடவே நடந்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். நீங்க பேசவேணாம், நான் பேசுறேன்."

மார்ச் 29, சனி

பேசினாள். "டாக்டர், இவரு உக்கார்றதே இல்ல. சாப்பிட, டிவி பாக்க, எல்லாம் நடந்துக்கிட்டேதான். புள்ள பயப்படுது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் மேசைக்கடியில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தன.

"இது படபடப்பு இல்லைங்க. உங்க நோயும் இல்ல. மருந்தோட வேலை. உக்கார முடியுதான்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம ஏத்திட்டேன்." பிறகு, "ஆனா நீங்களா நிறுத்துனீங்க பாருங்க, அது ரொம்பத் தப்பு," என்றார்.

மருந்தை மாற்றப் போகிறார், கொஞ்சம் கொஞ்சமாக. காலுக்குத் தனியாக ஒன்று. மோசமான எண்ணம் வந்தால் உடனே போன் செய்யவேண்டும், நேரம் பார்க்கக் கூடாது. நம்பரை மனைவி எழுதிக்கொண்டாள்.

நான் கேட்டது ஒன்றுதான்: "கை?"

"பாக்கலாம்," என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

மேலாளரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி வேண்டாம், லேபிள் ஒட்டும் மேசை கொடுங்கள் என்றேன். அவர் உடனே சரி என்றது கொஞ்சம் வலித்தது. வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

இடது மணிக்கட்டு ஆறியிருந்தது. என் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த பெண். அக்கா என்னைத் தேடினார். அருகில் போகவே கூசியது. போய், அந்தப் பெண்ணிடம், "கண்ணால தேடாதம்மா. கண்ண மூடிக்கிட்டு விரல்ல தேடு. கட்டைவிரல் பக்கம், ஆழத்துல," என்றேன். தேடினாள். முகம் மாறியது. ஒரே குத்து.

"அட, தெரியவே இல்லையே!" என்றார் அக்கா.

எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான். வயிறு எரிந்தது என்று இங்கேயாவது உண்மையை எழுதலாம்.

மே 4, ஞாயிறு

சாப்பிட்டு முடித்துக் கைகழுவ எழும்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

"உங்க நாற்காலிய வித்துடலாம்னு இருந்தேன்," என்றாள் மனைவி. சிரித்தபடியே உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மே 29, வியாழன்

கால் அடங்கிவிட்டது. கை முழுதாக அடங்கவில்லை. கோப்பையைப் பிடிக்கலாம், ஊசி முடியாது. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்கிறார் டாக்டர்.

அக்கா மெலிந்து போயிருந்தார். வந்ததும், "இதுதான் கடைசி. இதுக்கு மேல மருந்து ஏத்திப் பிரயோஜனமில்லன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்," என்றார், ரவிக்கை அளவு சொல்வது போல. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். "இனிமே இவதான் கொசு. உங்களுக்கு வேற பேரு யோசிக்கணும்."

எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. லேபிள் தயார். திரும்பினேன்.

"எங்க ஓடுறீங்க? இப்படி உக்காருங்க," என்று வலது கையை நீட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

"நடுங்குதே தம்பி."

"ஆமாக்கா."

"இருக்கட்டும்," என்று இறுக்கிப் பிடித்தார்.

அந்தப் பெண் கண்ணை மூடி நரம்பைத் தேடினாள். குழாய் மெல்ல நிறைந்தது. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, பிளாஸ்திரி ஒட்டி முடித்தாள். அதன்பிறகும் அக்கா என் கையை விடவில்லை. நானும் எழவில்லை.