இறக்கையோடு திரும்பி வந்த ராக்கெட்

உக்குவளை,
2025 ஜூலை 13

அன்பு மகள் ஜஸ்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் சண்டை வரும். அதனால் எழுதுகிறேன், உம்மா இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவா.

உன் கம்பனியின் ராக்கெட் சோதனையை நம் கடை டிவியில் எல்லோரும் பார்த்தோம். விமானத்தின் இறக்கைக்குக் கீழே ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள், கடலுக்கு மேலே கழற்றி விடுவார்கள், பிறகு அது பற்றிக்கொண்டு மேலே ஏறும் என்று நான்தான் விளக்கினேன். கடைசி நேரத்தில் ஒரு பெண் குரல் நிறுத்தச் சொன்னது. உன் குரல். விமானம் ராக்கெட்டோடு திரும்பி வந்தது.

"என்ன ஜமால்தீன், ஏத்தின சாமான எறக்காமலே லொறி திரும்பி வந்திருச்சே!" என்று பஸீர் ஹாஜியார் சிரித்தார். ஆனாலும் தன் மகன் ஹுஸ்னிக்கு உன்னைத்தான் பெண் கேட்கிறார். வேலையை விட்டுவிட வேண்டுமாம். விட்டுவிட்டு வா மகள்.

வாப்பா

2025 ஜூலை 20

அன்புள்ள வாப்பாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

ராக்கெட்டின் எரிபொருள் குழாயில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. ராக்கெட் வெடித்திருந்தால் விமானிகள் இருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

பதற்றத்தில் தவறாக நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி மேலதிகாரி கேட்கிறார். போடவில்லை. அடுத்த சோதனையில் கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலி இருக்குமா தெரியாது. ஹாஜியாருக்கும் முடியாது என்ற அதே பதில்தான். நீங்கள் கோபித்தாலும் மாறாது.

உம்மாவின் முழங்கால் எப்படி? கேட்டால் மறைக்கிறா.

மகள் ஜஸ்லா

உக்குவளை,
2025 ஆகஸ்ட் 10

அன்பு மகளுக்கு, ஸலாம்.

கோபத்தில்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. உம்மாவுக்கு மாடிப்படிதான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியார் வீட்டார் வந்தார்கள். உன் கையெழுத்து விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"புள்ள கையெழுத்தப் போட்டுட்டு மரியாதையா வரட்டும். நடந்தத நாங்க மன்னிச்சிருவோம்" என்றார்.

மன்னிப்பார்களாம்! உம்மா எழுந்து, அவர் கையில் கரண்டி இருக்கும்போதே வட்டிலப்ப இனிப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா.

நான் சொன்னேன்: "ஹாஜியார், ரிவர்ஸ்டன் மல எறக்கத்துல பிரேக் சரியில்லன்னு லொறிய நிப்பாட்டுற டிரைவர நான் ஏச மாட்டேன். டீ வாங்கிக் குடுப்பேன்."

அத்தோடு சம்பந்தப் பேச்சு முறிந்தது. நாற்காலி கிடைத்தால் உட்கார். தப்பாகத் தெரிந்தால் மறுபடியும் நிறுத்து. கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் வா. ஏர்போட்டுக்கு நம் லொறியிலேயே வருகிறேன். கடை வாசலில் எல்லோரும் பார்க்க உன்னை இறக்குவேன்.

வாப்பா

2025 செப்டம்பர் 5

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும், ஸலாம்.

நாற்காலி இருக்கிறது. நான் அங்கே இல்லாவிட்டால் விமானத்தில் ஏற மாட்டோம் என்று அந்த விமானிகள் இருவரும் சொல்லிவிட்டார்கள். மேலதிகாரி என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

நாளை விமானம் ராக்கெட்டோடு மறுபடியும் போகிறது. அழுத்தம் சரியாக இருந்தால் கழற்றி விடச் சொல்வேன். இல்லாவிட்டால் மறுபடியும் நிறுத்துவேன், லொறியைக் கழுவி வையுங்கள்.

உங்கள் ஜஸ்லா