பட்டினி வரிசை

9 பிப்ரவரி 1996
ஆராய்ச்சித் தோட்டத்தில் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு உரம் போட்டோம். எல்லா வரிசைக்கும் உண்டு, ஒன்றைத் தவிர. உரமே போடாவிட்டால் மரம் என்ன ஆகும் என்று பார்க்க அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். நாங்கள் அதைப் பட்டினி வரிசை என்போம். மட்டையெல்லாம் மஞ்சள்.

வீட்டில் அவர் வழக்கம்போல, "உப்பு எங்க பவானி, அலோர் காஜா டவுனுக்குப் போயிருச்சா?" என்றார். இந்த மனுஷனுக்கு என் கையால் எதைப் போட்டாலும் குறைதான். ஆனால் பாதித் தட்டிலேயே கை கழுவிவிட்டார். முழுங்கினால் தொண்டை அடைக்கிறதாம்.

2 மார்ச்
புற்றுநோய். எழுதிவிட்டேன்.

20 மார்ச்
வயிற்றில் குழாய் வைத்து அனுப்பிவிட்டார்கள். இனி அதில்தான் பால் ஊற்ற வேண்டும். "வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்க, நெஞ்சுல இறங்கிடும்" என்றார் நர்ஸ் சுசீலா. சாப்பாட்டுக்கு அத்தனை வக்கணை பேசியவர், குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

11 ஏப்ரல்
"உம்பாய் கடற்கரையில மீன் வாங்கி, புளி கூட்டிக் குழம்பு வையேன்" என்றார். குரல் வெறும் காற்று.

"சுசீலா மிஸி திட்டுவாங்க."

"நாக்குல தொட்டு வச்சா போதும் லா."

மாட்டேன் என்றுவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

12 ஏப்ரல்
உரக் கிண்ணத்தோடு பட்டினி வரிசையைத் தாண்டிப் போனேன் — தாண்ட முடியவில்லை. எங்களை வேலை வாங்கும் மண்டோர் சின்னத்தம்பி முன்னால் போய்விட்டார். ஒரு மரத்தடியில் போட்டேன். பிறகு அடுத்ததற்கும். ஏன் இப்படிச் செய்தேன்?

16 ஜூலை
இந்த முறையும் அந்த வரிசைக்குப் போட்டேன். போன முறையும்.

22 ஆகஸ்ட்
பட்டினி வரிசை பச்சை கட்டிவிட்டது. தோட்டத்து அதிகாரி ஷங்கர் சார் மண்டோரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் பெண்டாட்டி பிள்ளைக்காரர். "நான்தான் போட்டேன் சார்" என்றேன்.

"ஏன்க்கா?"

"பசிக்குமேன்னு."

சார் ஒரு பச்சை மட்டையை இழுத்துப் பார்த்தார். "இத்தனை வருஷ வேலையும் வீணாப் போச்சுக்கா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. என்னை நாற்றுமேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி அந்த வரிசைக்கும் உரம் உண்டாம்.

8 செப்டம்பர்
காலையில் போய்விட்டார்.

நாக்குல தொட்டு வச்சா போதும்னுதானே கேட்டாரு. நான் குடுக்கலையே. மரத்துக்குக் குடுத்தேனே — அவருக்குக் குடுக்கலையே.

23 செப்டம்பர்
பதினாறாம் நாள். மகள் அகல்யாவை உம்பாய்க்கு அனுப்பி மீன் வாங்கினேன். புளி கூட்டிக் குழம்பு வைத்தேன். படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. இலை நிறையப் படைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பே இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.